அனாமத்துக் கணக்கு

ராத்திரி பதினோரு மணிக்கு போன் அடித்தால் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு என்ன தோன்றும்? ஊரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது. நானும் அப்படித்தான் பதறியடித்து எடுத்தேன். எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண். வயது இருபத்தாறு.

“ஸாரி சார்... தூங்கிட்டீங்களா?”

“இல்லம்மா, சொல்லு. என்ன ஆச்சு?”

“அவன் போனை எடுக்கவே மாட்டேங்கறான் சார். ஏழரைலேர்ந்து கூப்பிடறேன்.”

‘அவன்’ யாரென்று எனக்குத் தெரியும். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் பையன். இரண்டு வருடப் பழக்கம். இரண்டு வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. தை பிறந்ததும் பேசி முடித்துவிடலாம் என்றிருக்கிறார்கள். நானும் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். நல்ல மாதிரி.

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டர் ஆபீஸில் செப்டம்பர் கடைசி வாரம் என்றால் என்னவென்று தெரியும். முப்பதாம் தேதிக்குள் டாக்ஸ் ஆடிட் முடிக்க வேண்டும். அந்த வாரம் அவர்களுக்குச் சாப்பாடுகூட ஃபைல் மேலேதான்.

“வேலையா இருப்பாம்மா. செப்டம்பர் கடைசி இல்லையா?”

“தெரியும் சார். தெரிஞ்சுதான் நாப்பத்தோரு தடவை கூப்பிட்டேன்.”

அந்தத் ‘தெரிஞ்சுதான்’ அன்று என்னைத் தூங்கவிடவில்லை. காரணம் தெரியாமல் பயப்படுகிறவர்களுக்குக் காரணத்தைச் சொல்லித் தேற்றலாம். காரணம் தெரிந்தும் பயப்படுகிறவர்களை எப்படித் தேற்றுவது?

மறுநாள் சாயங்காலம் பையனே வந்தான். ஆபீஸுக்குக் கீழே டீக்கடையில் உட்கார்ந்தோம். அவளும் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அவன் போனை எடுத்து மேஜையில் வைத்தான். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் அவள் பெயர்.

“சார், நான் யாரையாவது ஏமாத்தினேனா? குடிச்சேனா? வேலைதான் பார்த்தேன். தினம் தினம் நான் குத்தவாளி இல்லைன்னு நிரூபிச்சுக்கிட்டே இருக்கணுமா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “ஒரே ஒரு வரி சார். ‘வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்.’ இதை டைப் பண்ண எத்தனை செகண்டு ஆகும்? நான் உலகத்துல இல்லாத ஒண்ணையா கேட்டுட்டேன்?”

பஞ்சாயத்து பண்ணப் போனவனுக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்துவிட்டால் தொலைந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? ‘இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்லை’ என்பது சுலபமான பதில். அது பதிலே இல்லை. உண்மையான கேள்வி இதுதான்: ஒருவருடைய பயத்தை ஆற்றும் பொறுப்பு யாருடையது? பயப்படுகிறவருடையதா, அவர் நேசிக்கிற மனிதருடையதா?

* * *

காதலர்களின் இந்தப் பயத்தை அளந்து பார்த்த ஆரம்பகால ஆராய்ச்சி ஒன்று நடந்தது, ஒரு தினசரிப் பத்திரிகையின் பக்கத்தில். எங்கள் தொழிலுக்குக் கொஞ்சம் பெருமை!

1980-களின் நடுவில் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ‘ராக்கி மவுன்டன் நியூஸ்’ என்ற பத்திரிகையில் காதல் பற்றி ஒரு கேள்வித்தாள் வெளியானது. தயாரித்தவர்கள் சிண்டி ஹேஸன், பிலிப் ஷேவர் என்ற இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள். அதில் மூன்று சின்னப் பத்திகள் இருந்தன. ‘இதில் நீங்கள் யார்?’ என்று டிக் அடிக்க வேண்டும்.

முதல் ஆள், மற்றவர்களோடு சுலபமாக நெருங்குகிறவர். விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று ரொம்பக் கவலைப்படாதவர். இரண்டாவது ஆள், யாராவது ரொம்ப நெருங்கினாலே நெளிகிறவர், யாரையும் சார்ந்திருக்கப் பிடிக்காதவர். மூன்றாவது ஆள், தான் விரும்புகிற அளவுக்கு மற்றவர் நெருங்கவில்லையே என்று தவிப்பவர். இவருக்கு என்னை உண்மையிலேயே பிடிக்குமா, கூடவே இருப்பாரா என்று கவலைப்பட்டுக்கொண்டே இருப்பவர்.

வந்த பதில்களில் 620 பேருடையதை எடுத்துப் பார்த்தார்கள். 56 சதவிகிதம் பேர் முதல் வகை. 25 சதவிகிதம் இரண்டாவது. 19 சதவிகிதம் மூன்றாவது. மெனக்கெட்டு எழுதிப் போட்டவர்களின் கணக்கு மட்டும்தான் இது. ஊருக்கே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 1987-ல் கட்டுரையாக வெளிவந்ததும் உளவியல் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. (அந்தப் பத்திரிகை 2009-ல் மூடப்பட்டுவிட்டது. கேள்வித்தாள் இன்னும் உயிரோடு இருக்கிறது.)

நிமிர்ந்து உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்த மூன்று வகைகளும் காதலர்களைப் பார்த்துக் கண்டுபிடித்தவை அல்ல. ஒரு வயதுக் குழந்தைகளைப் பார்த்துக் கண்டுபிடித்தவை!

இங்கிலாந்தின் ஜான் பௌல்பி, குழந்தை அம்மாவோடு ஒட்டிக்கொள்வது கெட்ட பழக்கமல்ல, உயிர் பிழைக்க இயற்கை கொடுத்த ஏற்பாடு என்று சொன்னவர். அவரோடு வேலை பார்த்த மேரி எய்ன்ஸ்வொர்த், அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு அறை, கொஞ்சம் பொம்மைகள். அம்மாவும் குழந்தையும் வருகிறார்கள். முகம் தெரியாத ஒரு பெண் உள்ளே வருகிறார். கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து வெளியே போய்விடுகிறார், பிறகு திரும்பி வருகிறார். எல்லாம் சேர்த்து இருபது நிமிடக் கதை.

அம்மா போகும்போது குழந்தை அழுகிறதா என்பது பெரிய விஷயமே இல்லை. அவர் திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதில்தான் சூட்சுமம்.

ஒரு வகைக் குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, கொஞ்சம் அழுது, அடங்கி, மறுபடி பொம்மையிடம் போய்விடுகிறது. இன்னொரு வகை, தூக்கு தூக்கு என்கிறது. தூக்கினால் அம்மாவை அடிக்கிறது, இறக்கிவிட்டால் கதறுகிறது. எதிலும் சமாதானமாவதில்லை. (41 மிஸ்டு கால் உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.) மூன்றாவது வகை, அம்மா வந்ததைக் கண்டுகொள்வதே இல்லை. அது பாட்டுக்கு விளையாடுகிறது.

நம் வீடாக இருந்தால் இந்த மூன்றாவது குழந்தையை என்ன சொல்வோம்? ‘எங்க பையன் ரொம்ப சமர்த்து. அழவே மாட்டான்.’

1970-களில் வேறு ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சமர்த்துக் குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தார்கள். முகத்தில் ஒன்றுமே இல்லை. உள்ளே தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

* * *

பால்டிமோர், டென்வர் எல்லாம் எதற்கு? நம் திருவள்ளுவரைக் கேட்டால் போதாதா? காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடல் பற்றியவை. அதில் ‘புலவி நுணுக்கம்’ என்று ஒன்று.

அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயோடு அழ ஆரம்பிக்கிறாள். எவள் நினைத்து உமக்குத் தும்மல் வந்தது? சரி, இது வம்பு என்று அடுத்த முறை அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். அதற்கும் அழுகை. உம்மை நினைக்கிறவர்களை எனக்குத் தெரியாமல் மறைக்கிறீரா?

தும்மினாலும் குற்றம், தும்மாவிட்டாலும் குற்றம். ப்ளூ டிக் வந்தாலும் சந்தேகம், வராவிட்டாலும் சந்தேகம். இடையில் எத்தனை நூற்றாண்டு போனால் என்ன?

வள்ளுவர் இதை ரசிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். ஊடலை அவர் நோய் என்று சொல்லவில்லை, உப்பு என்கிறார். அளவாக இருந்தால் ருசி, கொஞ்சம் கூடினாலும் வாயில் வைக்க முடியாது. இவர்கள் கதையில் உப்பு கூடிவிட்டது. யார் போட்டது என்பதுதான் கேள்வி. அவள் போட்டது கண்ணுக்குத் தெரிகிறது, 41 தடவை. அவன் போட்டது தெரியவில்லை. தெரியாததால் அவன் போடவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எந்த உளவியல் நிபுணரும் இல்லை. என் மனைவி.

* * *

கல்யாணமான புதிது. என்னிடம் சொல்லாமல் தன் தம்பிக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டாள். தொகை பெரிதில்லை. சொல்லவில்லையே என்பதுதான். நான் கத்தவில்லை. தட்டைத் தூக்கி எறியவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பேச்சை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளும் என்னைப் பற்றி எனக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம். எவ்வளவு கண்ணியமானவன் நான்! என் அப்பாவாக இருந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

ஒன்பதாவது நாள் காலையில் காபியை வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள். “நீங்க நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட, இந்த வீட்டுல நான் இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

நான் அந்தச் சமர்த்துக் குழந்தை. எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பல வருடம் கழித்து ஒரு ஆராய்ச்சியைப் படித்தேன். 2003-ல் வெளிவந்தது. முன்பின் தெரியாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மனதைக் கலங்கடிக்கும் ஒரு படத்தைப் போட்டுக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும் ரகசியமாக, ‘உன் உணர்ச்சி எதையும் வெளியே காட்டாதே’ என்று சொல்லிவைத்தார்கள். எதிரில் இருப்பவருக்கு இது தெரியாது. என்ன ஆயிற்று? ஒன்றுமே தெரியாமல் எதிரில் உட்கார்ந்து பேசியவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது!

ஒருவர் முகத்தை மூடிக்கொண்டால் இன்னொருவர் உடம்பு விலை கொடுக்கிறது. கொஞ்ச நேரம் பேசிய அந்நியர்களுக்கே இந்த கதி என்றால், ஒன்பது நாள் என் வீட்டில் என்ன நடந்திருக்கும்? நான் ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மௌனமும் ஒரு செயல்தான். நாம் செய்ததாகக் கணக்கில் வராத செயல்.

ஆகவே, தம்பிமார்களே (தங்கைகளிலும் உண்டு), ‘நான் பிரச்னையே பண்றதில்லை சார், அமைதியா இருந்துடுவேன்’ என்று பெருமைப்படாதீர்கள். பயப்படுகிற வகை, ஒதுங்குகிற வகை, இரண்டுமே தங்கள் உறவில் சராசரியாகக் குறைந்த திருப்தியோடுதான் இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒதுங்குகிறவர் சத்தமில்லாமல் நஷ்டப்படுகிறார்.

* * *

அப்படியானால் அந்தப் பையன்தான் குற்றவாளியா? பாதி.

ஜேம்ஸ் கோன் என்பவர் 2006-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை. 16 மனைவிமார்களை மூளையை ஸ்கேன் எடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, ‘இப்போது ஷாக் அடிக்கலாம்’ என்று பயமுறுத்தினார்கள். தனியாக இருந்தபோது மூளையில் பயத்தின் கொந்தளிப்பு. முகம் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தபோது ஓரளவு தணிந்தது. கணவர் கையைப் பிடித்தபோது நன்றாகவே தணிந்தது. உறவு நன்றாக இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம்.

இதிலிருந்து எனக்குப் புரிவது, ‘உன் பயத்தை நீயே பார்த்துக்கொள்’ என்பது முழு நியாயம் இல்லை. கை கொடுப்பதற்குத்தானே கைப்பிடிப்பது? ஒரு வரி டைப் பண்ண எத்தனை செகண்டு என்று அவள் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை.

ஆனால் மீதிப் பாதி இருக்கிறது. ஏழரை மணிக்கு அவன் எடுக்கவில்லை. பதினோரு மணிவரை அவன் கை அவளுக்குக் கிடைக்கவில்லை. எந்த நல்ல உறவிலும் இப்படிக் கை கிடைக்காத மூன்றரை மணி நேரம் வரத்தான் செய்யும். மீட்டிங் இருக்கும், சார்ஜ் தீர்ந்திருக்கும், மனசு சரியில்லாமல் இருக்கும். அந்த மூன்றரை மணி நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்பது அவள் பொறுப்பு. அதை அவன் செய்ய முடியாது.

அவளிடம் நான் கேட்டேன். “எடுக்கலைன்னதும் முதல்ல என்ன தோணிச்சு?”

“வேலைன்னு.”

“பத்தாவது தடவை?”

“என்னை அவாய்ட் பண்றான்னு.”

“நாப்பதாவது?”

கொஞ்சம் தயங்கினாள். “என்னை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டான்னு.”

பாருங்கள். நடந்தது ஒன்றுதான்: அவன் எடுக்கவில்லை. ஏழரைக்கும் அதுதான், பதினோரு மணிக்கும் அதுதான். ஒரு புதுத் தகவலும் வரவில்லை. அவள் அதை எந்தத் தலைப்பில் எழுதினாள் என்பதுதான் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் மொத்தத்தையும் நஷ்டக் கணக்கில் எழுதி மூடிவிட்டாள்.

இங்கேதான் என் பி.காம். கை கொடுத்தது. பையனைப் பார்த்துக் கேட்டேன்: “டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா என்னப்பா பண்ணுவே?”

“வித்தியாசத்தை அனாமத்துல போடுவேன் சார்.”

வணிகவியல் படிக்காதவர்களுக்கு: இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்கிறீர்கள், ஏதோ ஒரு தொகை இடிக்கிறது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. உடனே ‘கேஷியர் திருடிவிட்டான்’ என்று எழுத மாட்டார்கள். வித்தியாசத்தை ‘அனாமத்துக் கணக்கு’ என்ற தலைப்பில் தற்காலிகமாக வைத்துவிட்டு, வேலையைத் தொடர்வார்கள். விவரம் கிடைத்ததும் சரியான தலைப்புக்கு மாற்றுவார்கள்.

மனசுக்கும் அப்படி ஒரு தலைப்பு வேண்டும். ‘எடுக்கவில்லை. காரணம் இன்னும் தெரியாது.’ அவ்வளவுதான் பதிவு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் பல வருடமாக ஆராய்ந்துவருவது கிட்டத்தட்ட இதைத்தான். உணர்ச்சி பொங்கியபிறகு மூடி போட்டு அமுக்குவது ஒரு வழி. அதில் உள்ளே சூடு தணிவதில்லை. பொங்குவதற்கு முன்பே, நடந்ததற்கு நாம் கொடுக்கும் அர்த்தத்தைத் திரும்பப் பார்ப்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியை அதிகம் பயன்படுத்துகிறவர்களின் உறவுகள் நன்றாக இருக்கின்றன என்கிறார்.

இதில் ஏமாந்துபோகவும் இடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அனாமத்துக் கணக்கை வருடக்கணக்கில் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. தப்பைத் தேடிக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். அவன் வாரத்துக்கு நாலு நாள் காணாமல் போகிறான், கேட்டால் மழுப்புகிறான் என்றால், ‘காரணம் தெரியாது’ என்று எழுதிக்கொண்டே இருப்பது பொறுமை இல்லை, கண்ணை மூடிக்கொள்வது. நேரில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அப்போது வருவது நஷ்டம்தான் என்றால் நஷ்டம் என்றே எழுத வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ‘பாஸ்வேர்டு கொடு, இருக்கிற இடத்தை லொகேஷன் அனுப்பு, அவளோட பேசாதே, இந்த டிரஸ் போடாதே’ என்று மிரட்டுவது, கை ஓங்குவது. இதையெல்லாம் செய்துவிட்டு, ‘சின்ன வயசுலேர்ந்தே எனக்கு இன்செக்யூரிட்டி, நான் மூணாவது வகை’ என்று சர்டிபிகேட் நீட்டக்கூடாது. எந்த வகையாக வளர்ந்தீர்கள் என்பது உங்கள் கையில் இல்லை. அந்தப் பயத்தை இன்னொருவர் முதுகில் ஏற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. அந்த வகையும் தலையெழுத்து அல்ல. சொன்னபடி நடக்கிற ஒரு துணையோடு வாழ்ந்து மாறியவர்கள் உண்டு.

* * *

டீக்கடையில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். லேட்டாகும் என்று தெரிந்தால் அவன் ஒரு வரி அனுப்ப வேண்டும், அதில் எத்தனை மணிக்குக் கூப்பிடுவான் என்றும் இருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குக் கூப்பிட வேண்டும். அவள் ஒரு தடவை கூப்பிடலாம். எடுக்காவிட்டால் அவன் சொன்ன நேரம்வரை இரண்டாவது தடவை கூடாது. சண்டை சூடாகிவிட்டால் அரைமணி இடைவேளை. ஆனால் ‘அரைமணியில வரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும்.

(அந்த அரைமணிக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற ஆராய்ச்சியாளர், சண்டை போட்டுக்கொண்டிருந்த தம்பதிகளை நடுவில் நிறுத்தி, கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று சாக்கு சொல்லி, அரைமணி நேரம் பத்திரிகை படிக்க வைத்தார். திரும்பப் பேச ஆரம்பித்தபோது இதயத்துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் மென்மையாகியிருந்தது. வாரப்பத்திரிகை எதற்கு என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்!)

ஐப்பசி முடியும் சமயம் அவளே என் மேஜைக்கு வந்தாள்.

“நேத்து பத்து மணிக்குக் கூப்பிடறேன்னான் சார். பத்தே காலுக்குத்தான் கூப்பிட்டான்.”

“நீ என்ன பண்ணே?”

“பதினஞ்சு நிமிஷத்தை அனாமத்துல போட்டேன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “சுலபமா இல்ல சார். கை நடுங்கிச்சு.”

அவள் அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. நடுங்காத கை யாரிடம் இருக்கிறது? நடுங்கிக்கொண்டே போனைக் கீழே வைத்தாளே, அதுதான்.

அவனைப் பற்றி விசாரித்தேன். லேட்டாகக் கூப்பிட்டதும் முதல் வார்த்தையாக, “பயந்துட்டியா?” என்றானாம். அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவையாம்.

இதை எழுதி முடிக்கும்போது மணி எட்டே முக்கால். வழக்கமாக ஏழரைக்கு வீட்டில் இருப்பேன். எத்தனையோ வருடமாகியும் ஒரு வரி அனுப்புவதற்கு எனக்குக் கை வருவதில்லை. அந்தச் சமர்த்துக் குழந்தை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இப்போதுதான் அனுப்பினேன். ‘லேட்டாகும். ஒன்பதரைக்கு வந்துடுவேன்.’

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. ‘சரி. தோசை மாவு இருக்கு.’